மகளின் நடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்

கேள்வி: நாங்கள் புனே கட்கியில் இருக்கிறோம், பூர்வீகம் விருதுநகர். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விளையாட்டு ஆசிரியர் அவளை ஓட்டத்திலிருந்து நடைப்பந்தயத்துக்கு மாற்றிவிட்டார். மூன்று கிலோமீட்டரில் இரண்டாவதாகவும் வந்துவிட்டாள். ஆனால் காலையில் தெருவில் பழகும்போது ஆட்கள் நின்று சிரிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "பொம்பளப் புள்ள இப்படி இடுப்பை ஆட்டிக்கிட்டு நடக்கலாமா?" என்கிறார். இதில் எதிர்காலம் உண்டா, நிறுத்திவிடலாமா?

– ஒரு தாய், புனே

பதில்: நிறுத்திவிடாதீர்கள் அம்மா. முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் முடிவாவது அங்கேதான்.

இந்தப் பந்தயத்துக்கு இரண்டே விதிகள். எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் எழும்பியது நடுவர் கண்ணுக்குத் தெரிந்தால் தப்பு. முன்னே வைக்கும் கால், தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. எழும்பவும் முடியாது, மடக்கவும் முடியாது என்றால் எட்டை எங்கிருந்து நீட்டுவது? இடுப்பைச் சுழற்றித்தான். தெருவில் சிரிக்கிறார்களே, அந்த அசைவு இல்லாவிட்டால் அவள் நடப்பது நடைப்பந்தயமே இல்லை.

அந்த அசைவில் எவ்வளவு வேகம் வரும் என்று பாருங்கள். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் பிரியங்கா கோஸ்வாமி 10,000 மீட்டரை 43 நிமிடம் 38 விநாடியில் நடந்து வெள்ளி வாங்கினார். கிலோமீட்டருக்கு நாலரை நிமிடம்கூட இல்லை. தினமும் ஓடுகிறவர்களிலேயே பலரால் அந்த வேகத்தில் பத்து கிலோமீட்டர் ஓட முடியாது. உத்தரப் பிரதேசத்துப் பெண். அப்பா பேருந்து நடத்துநராக இருந்தவர். முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ்தான் பழகினார்.

ராஜஸ்தானின் காப்ரா கிராமத்து பாவ்னா ஜாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. அரைக்கால் சட்டையில் நடப்பதை ஊரார் பார்த்துப் பேசுவார்கள் என்று, ஊர் விழிக்கும் முன் இருட்டிலேயே எழுந்து பயிற்சி செய்தவர் அவர். 2020 பிப்ரவரியில் ராஞ்சியில் 20 கிலோமீட்டரை 1 மணி 29 நிமிடம் 54 விநாடியில் முடித்து, அன்றைய தேசிய சாதனையோடு டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அவருக்கு முன்னால் பஞ்சாபின் குஷ்பீர் கௌர்: சிறுவயதிலேயே அப்பாவை இழந்தவர், அம்மா பால் விற்றும் துணி தைத்தும் வளர்த்த பெண். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வெள்ளி, 2017இல் அர்ஜுனா விருது.

எதிர்காலம் என்று கேட்டீர்கள். பாவ்னா, பிரியங்கா இருவருக்கும் வேலை ரயில்வேயில், குஷ்பீருக்குப் பஞ்சாப் காவல்துறையில். பதக்கம் எல்லோருக்கும் கிடைக்காது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்பது எட்டக்கூடிய தூரம்தான். ஆனால் அதற்காகப் படிப்பை விட்டுவிட வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது வேறு. சின்ன வயதில் ஜெயிக்கும் பிள்ளைகள் வேகத்துக்கு ஆசைப்பட்டு பாணியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், பெண்களுக்கு 20 கிலோமீட்டர் முதன்முதலாக நடந்தபோது, சொந்த நாட்டு ரசிகர்கள் காத்திருக்க முதலாவதாக வந்துகொண்டிருந்தார் ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில். அரங்கத்து வாசலில் நடைப் பிழைக்கான கடைசிச் சிவப்பு அட்டை. அங்கேயே பந்தயம் முடிந்துபோய் அழுதார். (2004இல் ஏதென்ஸில் வெண்கலம் வாங்கித்தான் ஓய்ந்தார்.) இப்போது மூன்று அட்டை விழுந்தால் ஓரமாகச் சற்று நேரம் நிறுத்திவைக்கிறார்கள், நான்காவது விழுந்தால் வெளியேற்றம்.

ஆகவே இந்த வயதில் தூரத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். 2026 முதல் பெரியவர்களுக்கு 20 கிலோமீட்டருக்குப் பதில் அரை மாரத்தான் தூரம் என்று மாற்றியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. சமதளத்தில் நடக்கட்டும். புனேக்காரர்களுக்கு டேக்டி (குன்று) ஏறுவது பிடிக்கும், ஆனால் சரிவில் இறங்கும்போது முழங்கால் தானாக மடங்கும், பாதம் எழும்பும். வாரம் ஒருமுறை பக்கவாட்டில் நின்று, அவள் இடுப்பு உயரத்தில் கைபேசியைப் பிடித்துப் படம் எடுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எந்தக் காலில் பிழை என்று தெரிந்துவிடும். முழங்காலிலோ கெண்டைக்காலின் முன்பக்கத்திலோ வலி என்றால் அன்றைக்கு ஓய்வு. தேய்ந்த ஷூவை மாற்ற யோசிக்காதீர்கள்.

2013இல் ஆசிய தடகளப் போட்டி நடந்த பாலேவாடி அரங்கம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே தடகளப் போட்டி நடக்கும் ஒரு நாளில் மாமியாரையும் அழைத்துப் போங்கள். மற்ற பெண்கள் நடப்பதை அவர் ஒரு சுற்று பார்க்கட்டும். தெருவில் மட்டும் அவளைத் தனியாக விடாதீர்கள். வெளிச்சம் வந்தபிறகே பழகட்டும், நீங்களோ அவள் அப்பாவோ சைக்கிளில் கூடவே போங்கள்.