ஒன்றா, பலவா? ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள்



ஆங்கிலம் படிக்கிற நம் பிள்ளைகள் பெரிய சொற்களை மனப்பாடம் செய்து விடுகிறார்கள். 'எ', 'த', 'திஸ்', 'எவ்ரி' போன்ற சின்னச் சொற்களில்தான் தடுமாறுகிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து, அது ஒன்றா, பலவா, எது என்று காட்டுகிற சொற்கள் இவை.

சின்னச் சொல்தானே என்று விட்டுவிட முடியாது. ஒரு படிவத்தில் 'போத் பேரண்ட்ஸ்' கையெழுத்திட வேண்டும் என்று இருந்தால் தாய், தகப்பன் இருவரும் போகவேண்டும். 'ஈதர் பேரண்ட்' என்று இருந்தால் யாராவது ஒருவர் போதும். மாறி விளங்கிக்கொண்டால் ஒருவருக்கு ஒரு நாள் பேர் வீணாகும். அல்லது படிவம் திரும்பி வரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி வேரூன்றி 200 வருடமாகிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824-இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையையும் தொடங்கினார்கள். 1857-இல் உருவான சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே. அதே தாமோதரம்பிள்ளைதான் பழைய தமிழ் இலக்கண நூல்களைத் தேடிப் பதிப்பித்தார். தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு ஆங்கில இலக்கணம் அந்நியமல்ல. நாமும் தமிழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிப்போம்.

1. எ, அன்: தமிழில் 'ஒரு பனை' என்கிறோம், உயிரெழுத்து வந்தால் 'ஓர் ஆடு' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான்: 'எ பாம்', 'அன் எக்'. ஆனால் எழுத்தைப் பார்க்கக்கூடாது, காதில் விழும் ஓசையைக் கேட்கவேண்டும். 'யுனிவர்சிட்டி' ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஓசை 'யு'. ஆகவே 'எ யுனிவர்சிட்டி'.

2. ஒருமை தனியே நிற்காது: 'அப்பா தொழிலாளி' என்று தமிழில் சொன்னால் சரி. 'மை பாதர் இஸ் வேர்க்கர்' என்றால் பிழை. எண்ணக்கூடிய ஒன்றுக்கு முன்னால் 'எ', 'த', 'மை' என்று ஏதாவது ஒன்று வேண்டும்: 'மை பாதர் இஸ் எ வேர்க்கர்'.

3. திஸ், தீஸ்: தமிழில் 'இந்த மரம்', 'இந்த மரங்கள்'; 'இந்த' மாறாது. ஆங்கிலத்தில் மாறும்: 'திஸ் ட்ரீ', 'தீஸ் ட்ரீஸ்'. தூரத்தில் உள்ளதற்கு 'தட் ட்ரீ', 'தோஸ் ட்ரீஸ்'.

4. எண் வந்தால் பன்மை: 'பத்து கூடை' என்று நாம் பேசுவோம். 'டென் பாஸ்கட்' பிழை. 'டென் பாஸ்கட்ஸ்' சரி.

5. ஈச், எவ்ரி: இங்கே தமிழே வழிகாட்டி. 'ஒவ்வொரு மரமும்' என்போம், 'ஒவ்வொரு மரங்களும்' என்று எழுதுவது பிழை. ஆங்கிலத்திலும் 'எவ்ரி ட்ரீ' என ஒருமைதான். 'ஓல்' வந்தால் பன்மை: 'ஓல் த ட்ரீஸ்'.

6. மெனி, மச்: எண்ணக்கூடியதற்கு 'மெனி', எண்ண முடியாததற்கு 'மச்': 'மெனி பாஸ்கட்ஸ்', 'மச் வோட்டர்'. ஒரு வேடிக்கை: ரூபாயை எண்ணலாம், அதனால் 'மெனி ருபீஸ்', ஆனால் காசு என்ற பொதுச்சொல்லுக்கு 'மச் மணி'.

7. பியூ, எ பியூ: 'எ பியூ புக்ஸ்' என்றால் சில புத்தகங்கள் இருக்கின்றன. 'பியூ புக்ஸ்' என்றால் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. ஓர் எழுத்து, கருத்தே மாறிவிடுகிறது.

பயிற்சி: சரியானதைத் தெரிக.

அ) (திஸ் / தீஸ்) சில்ட்ரன்
ஆ) எவ்ரி (டே / டேஸ்)
இ) (மச் / மெனி) ரைஸ்
ஈ) (எ / அன்) அம்ப்ரெல்லா

விடை: அ) தீஸ். 'சில்ட்ரன்' கடைசியில் 'ஸ்' இல்லாவிட்டாலும் பன்மைதான். ஆ) டே. இ) மச். ஈ) அன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. லயத்து வாசலில் கிடக்கிற கூடை, குடை, விறகு, தண்ணீர் ஒவ்வொன்றையும் காட்டி, "இது ஒன்றா, பலவா? எண்ணலாமா, எண்ண முடியாதா?" என்று தமிழிலேயே கேளுங்கள். அந்தப் பதில் சரியாக வந்தால் எந்தச் சின்னச் சொல் வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.