காய்ச்சினாலும் போகாத ஃப்ளோரைடு



“தண்ணியக் காய்ச்சித்தானே குடிக்கிறோம், அப்புறம் ஏன் பிள்ளைங்க பல்லு காவியா இருக்கு?” தருமபுரிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. இது பாறையிலிருந்து போர் தண்ணீரில் கரைவது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் பல் கறையாகும். பல வருடம் குடித்தால் எலும்பும் கெடும்.

இதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீர்தான்.

சுத்திகரிப்பு மிஷின் கேட்கும் முன் யோசிப்போம்:

1. ஒவ்வொரு போர் தண்ணீரையும் பரிசோதித்து, முடிவை எழுத்தில் வாங்குங்கள்.
2. மிஷின் வாங்குவது ஒருமுறை செலவு. கரண்ட், வடிகட்டி, ஆள் கூலி தொடர் செலவு. இதை ஒதுக்காததால் ஓர் ஊரில் மிஷின் பூட்டியே கிடப்பதைப் பார்த்தேன்.
3. கழிவுநீரில் ஃப்ளோரைடு இன்னும் அதிகம். அதை எங்கே விடுவது?
4. மார்ச் 22 கிராம சபையில் பராமரிப்புச் செலவையும் சேர்த்துத் தீர்மானம் போடுங்கள்.

குழுவில் பேச: குடத்துக்கு எவ்வளவு? கணக்கு யார் கையில்?