ஆயர் இருக்கையில் ஒரு சிறுவன்

இடைக்கால இங்கிலாந்தின் பேராலயங்களில் டிசம்பர் 27ஆம் நாள் மாலை வழிபாடு தலைகீழாக நிகழும். பாடகர் குழுச் சிறுவர் மேல்வரிசையில் அமர, முதிய குருமார் கீழ்வரிசைக்கு இறங்குவர். நாள்தோறும் சிறுவர் ஏந்தும் மெழுகுவர்த்தியையும் தூபக்கலத்தையும் அன்று குருமாரே ஏந்துவர். ஆயருக்குரிய முடியும் கோலும் அங்கியும் தரித்த சிறுவன் ஒருவன் மக்களுக்கு ஆசி வழங்குவான்.

அவனே 'சிறுவர் ஆயர்'. சிறுவர்களின் காவலரான புனித நிக்கோலசின் திருநாளாகிய டிசம்பர் 6ஆம் நாளன்று தோழர்கள் அவனைத் தேர்ந்தெடுப்பர். ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளை நினைவுகூரும் டிசம்பர் 28ஆம் நாளோடு அவன் பதவி முடியும். இறைவன் வலியோரை இருக்கையினின்று இறக்கி எளியோரை உயர்த்தினார் என்று மரியாளின் பாடல் கூறுகிறது. நாள்தோறும் வாயால் பாடிய அக்கருத்தைத் திருச்சபை ஆண்டுக்கு ஒருமுறை கண்ணாலும் கண்டது எனலாம்.

இதனைப் பெரியோர் வெறும் விளையாட்டாகக் கருதவில்லை. 1299இல் படையுடன் வடக்கே சென்ற மன்னர் முதலாம் எட்வர்டு, நியூகாசில் அருகே சிறுவர் ஆயர் ஒருவர் நடத்திய வழிபாட்டில் கலந்துகொண்டு 40 ஷில்லிங் பரிசளித்தார். இலண்டன் புனித பவுல் பள்ளியை நிறுவிய ஜான் காலெட், மாணவர் அனைவரும் சிறுவர் ஆயரின் மறையுரையைக் கேட்டு ஆளுக்கொரு பென்னி காணிக்கை அளிக்கவேண்டும் என விதித்தார். ஆனால், அம்மறையுரைகளை எழுதிக் கொடுத்தவர்கள் பெரியவர்களே! இருக்கை கிடைத்தது, சொல் கிடைக்கவில்லை.

பிரான்சில் சனவரி முதல் நாளில் கடைநிலைத் திருப்பணியாளர்கள் கொண்டாடிய 'மூடர் திருவிழா'வும் இவ்வகையினதே. பாசல் திருச்சங்கம் 1435இல் அதனைக் கண்டித்தது. பலிபீடத்தருகே சூதாடினர், முகமூடியணிந்து கூத்தாடினர் என்று 1445இல் பாரிசு இறையியலார் மடல் வரைந்தனர். விழாவை ஒழிக்க முனைந்தோரின் கூற்று என்பதால், அம்மடலை அப்படியே நம்பலாகாது என்பர் இக்கால ஆய்வாளர் சிலர்.

1534இல் திருச்சபைக்குத் தாமே தலைவரான எட்டாம் ஹென்றி, 1541இல் சிறுவர் ஆயர் வழக்கத்தைத் தடைசெய்தார். இறைவனைப் போற்றுவதினும் எள்ளுவதே அதில் மிகுதி என்றது ஆணை. மகள் மேரியின் ஆட்சியில் மீண்டும் தளிர்த்த அவ்வழக்கம், எலிசபெத் காலத்தில் மறைந்தது.

சிந்தித்து எழுதுக:
1. 'இருக்கை கிடைத்தது, சொல் கிடைக்கவில்லை' – விளக்குக.
2. பாரிசு இறையியலாரின் மடலை அப்படியே நம்பலாகாது எனக் கூறப்படுவது ஏன்?
3. நீ சிறுவர் ஆயராயின், பெரியோர் எழுதிய உரையைப் படிப்பாயா? பத்து வரிகளில் எழுதுக.