மூன்றாவது ஆள்: வீட்டு வன்முறையை நடனம் காட்டும் விதம்

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பாடத்தில் மோடிமை பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். “ஒரு வீட்டுக்குள் ஒரு பெண் அடிபடுகிறாள். மேடையில் யாரையும் அடிக்காமல் இதை எப்படிக் காட்டுவீர்கள்?”

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம், உடைந்த கோப்பை, சிவப்பு வெளிச்சம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். எல்லாவற்றையும் பலகையில் எழுதிய ஆசிரியை, “இவையெல்லாம் ஒரு நாள் விழுந்த ஓர் அடியைக் காட்டும். பத்து வருடங்களை எப்படிக் காட்டப்போகிறீர்கள்?” என்றார். எங்களிடம் விடை இருக்கவில்லை.

அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. இதை வாசிக்கும் பெற்றோருக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எவரையும் மேடையேறி ஆடும்படி நான் கேட்கவில்லை. ஒரு கவிதையின் சொற்களை ஊன்றி வாசிப்பது போல மனித உடலின் அசைவையும் வாசிக்கலாம் என்பதையே காட்ட முயல்கிறேன்.

அன்றாட அசைவே மொழி

பரதநாட்டியத்தில் முத்திரைகளுக்கு வகுக்கப்பட்ட பொருள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் மேற்கில் வளர்ந்த சமகால நடனத்தில் அப்படியோர் அகராதி இல்லை. நடப்பது, விழுவது, கதிரையை நகர்த்துவது, ஒருவரை அணைப்பது ஆகிய அன்றாடச் செயல்களே அங்கு சொற்களாகின்றன. ஒரு செயல் எத்தனை தடவை, எவ்வளவு வேகத்தில் செய்யப்படுகிறது என்பதிலிருந்தும் பொருள் பிறக்கிறது.

இவ்வகையில் பெரும் பெயர் பெற்றவர் ஜேர்மனியைச் சேர்ந்த பினா பௌஷ் (1940–2009). சோலிங்கன் நகரில் உணவகம் நடத்திய பெற்றோரின் மகள். சிறுவயதில் மேசைகளுக்கு அடியில் இருந்து வந்துபோகும் பெரியவர்களைக் கவனித்தவர். 1973இல் வுப்பர்டால் நகர நடனக் குழுவின் பொறுப்பை ஏற்று, நடனத்தையும் நாடகத்தையும் இணைத்த ‘நடன அரங்கு’ என்னும் வடிவத்தை வளர்த்தார். அவருடைய இரண்டு படைப்புகள் எங்கள் ஆசிரியையின் கேள்விக்கு நேரடியாக விடை தருகின்றன.

ஒலிப்பதிவுக் கருவியின் முன் ஒரு மனிதன்

முதலாவது, 1977இல் அரங்கேறிய ‘நீலத்தாடி’. இது 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல்ஸ் பெரோ வெளியிட்ட பழைய கதை. செல்வந்தன் ஒருவன் புது மனைவியிடம், ஓர் அறையை மட்டும் திறக்கக் கூடாது என்கிறான். திறந்து பார்த்தால் உள்ளே அவனுடைய முன்னைய மனைவியரின் உடல்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக் இக்கதையை ஓபராவாக்கினார். 1918இல் அது மேடையேறியது.

பௌஷ் அந்த ஓபராவை அப்படியே ஆடவைக்கவில்லை. பழைய வீட்டு அறை, தரையெல்லாம் காய்ந்த சருகுகள். நீலத்தாடிக்காரன் சில்லுகள் பூட்டிய மேசையில் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவியை இயக்குகிறான். ஓபராவின் ஒரு பகுதியைப் போடுகிறான், நிறுத்துகிறான், நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி அதே பகுதியை மறுபடியும் போடுகிறான். இசை எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது அவன் விரலில் இருக்கிறது. பிற்பகுதியில் பழைய மனைவியரின் சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அவளுக்கு அணிவிக்கிறான். சட்டைகள் கூடக்கூட அவளால் அசைய முடியாமல் போகிறது.

வீட்டில் எப்போது கதைக்கலாம், எப்போது கதைக்கக் கூடாது என்பதை ஒருவர் மட்டும் தீர்மானித்தால், அங்கே அடி விழாத நாளும் பயத்தின் நாளே. இதைச் சொல்ல அவருக்கு ஒரு பட்டன் போதுமாக இருந்தது.

தழுவலைத் திருத்தும் மனிதன்

இரண்டாவது, 1978இல் அரங்கேறிய ‘கஃபே முல்லர்’. மேடை நிறைய மேசைகளும் கதிரைகளும். ஓர் ஆணும் பெண்ணும் தழுவி நிற்கிறார்கள். மூன்றாவது மனிதன் ஒருவன் வந்து அவர்களின் கைகளை மெதுவாகப் பிரிக்கிறான். முகங்களைச் சரிசெய்கிறான். ஆணின் கைகளை நீட்டிவைத்து, அவற்றின் மேல் பெண்ணைத் தூக்கிக் கிடத்துகிறான். வேலை முடிந்ததென்று திரும்பி நடக்கிறான். ஆணின் கைகள் தளர்கின்றன, பெண் தரையில் விழுகிறாள். விழுந்தவள் உடனே எழுந்து மறுபடியும் அவனைத் தழுவுகிறாள். மூன்றாவது மனிதன் திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்குபடுத்துகிறான். மறுபடியும் விழுகிறாள்.

இது திரும்பத் திரும்ப நடக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேகம் கூடுகிறது. கடைசியில் மூன்றாவது மனிதன் வருவதில்லை. அவன் பழக்கியதை இருவரும் தாங்களாகவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

பத்து வருடங்களைக் காட்டும் வழி இதுதான் என்று அப்போது புரிந்தது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தவன் அந்த மூன்றாவது மனிதன். அவன் யாரையும் அடிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ‘சேர்த்து வைத்தான்’, அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா இருந்தார். மூன்று தடவை பிள்ளையுடன் தாய் வீட்டுக்கு வந்தார். மூன்று தடவையும் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். “பிள்ளைக்காகப் பொறுத்துப் போ மகள்” என்றார்கள். அவருடைய உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனவர் என் உம்மம்மா. எனக்கு அப்போது பதினொரு வயது. கையை உயர்த்தி ஓட்டோவை நிறுத்தியவள் நான்.

இந்தக் காட்சியை உம்மம்மாவிடம் விவரித்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நாங்க என்னதான் செஞ்சிருக்கணும் மகள்?” என்று கேட்டார். அவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அதற்கான விடையை நான் எதிர்பாராத ஓரிடத்தில் கண்டேன்.

டாங்கோவின் மூன்று கதவுகள்

கஃபே முல்லரில் தழுவல் ஒரு காட்சி மட்டுமே. டாங்கோ நடனத்துக்கோ தழுவலே அடிப்படை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ், உருகுவேயின் மொன்டெவிடியோ நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த இந்நடனத்தை, 2009இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பௌஷும் 1980இல் டாங்கோ இசையை வைத்து ‘பான்டோனியோன்’ என்ற படைப்பை ஆக்கினார்.

மரபான டாங்கோவில் ஆண் வழிநடத்துவான், பெண் பெரும்பாலும் பின்னோக்கி நடப்பாள். தான் பார்க்காத திசையில் இன்னொருவரை நம்பிக் கால் வைக்கிறாள். ஆகவே வன்முறையைச் சொல்ல விரும்பும் கலைஞர்கள் டாங்கோவை நாடுவது இயல்பே. அதே தழுவல் சற்று இறுகினால் பிடியாகிவிடும். தூரத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆனால் உண்மையான டாங்கோ சபையில் மூன்று வழக்கங்கள் உண்டு. முதலாவது, அழைப்பு கண்ணால்தான். தூரத்திலிருந்து பார்த்துத் தலையசைப்பார்கள். விருப்பமில்லாதவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, மூன்று நான்கு பாடல்களுக்குப் பின் வேறோர் இசை ஒலிக்கும். எல்லோரும் பிரிந்து தத்தம் இருக்கைக்குத் திரும்புவார்கள். மூன்றாவது, இடையில் ஒருவர் “நன்றி” என்றால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று பொருள்.

மறுக்கலாம், ஓய்வெடுக்கலாம், நிறுத்தலாம். இம்மூன்று கதவுகளும் திறந்திருப்பதால்தான் பின்னோக்கி நடப்பவள் பயமின்றி நடக்கிறாள். கதவுகளை மூடிவிட்டு, வெளியிலிருந்து ‘ஜோடிப் பொருத்தம்’ பேசுவதைத்தான் நாங்கள் செய்தோம்.

எல்லாச் சித்திரிப்பும் ஒன்றல்ல

வன்முறையைக் காட்டுவதும் வன்முறையை ரசிக்க வைப்பதும் வேறு. 1908 அளவில் பாரிஸில் பிரபலமான ‘அப்பாஷ்’ நடனத்தில் ஆண் பெண்ணை இழுத்து வீசுவான், மக்கள் கைதட்டினார்கள். எட்முண்டோ ரிவெரோ பாடிய ‘அமாப்லெமென்தே’ என்ற டாங்கோ பாடலில், மனைவியை இன்னொருவனுடன் கண்ட கணவன் வந்தவனை அனுப்பிவிட்டு, அவளிடம் செருப்பும் பானமும் கேட்டு வாங்கியபின் அவளை 34 தடவை குத்துகிறான். பாடலின் பெயருக்குப் பொருள் ‘அன்பாக’ என்பது! அது ஒரு கசப்பான நகைச்சுவையாகவே பாடப்பட்டது.

2015 ஜூன் 3ஆம் திகதி, பெண்கள் கொல்லப்படுவதற்கு எதிராக ‘இனி ஒருத்தியும் குறையக் கூடாது’ என்ற பொருளுடைய முழக்கத்தோடு ஆர்ஜென்டீனாவில் பெரும் பேரணி நடந்தது. அதன் பின் டாங்கோ ஆடும் பெண்களும் இத்தகைய பழைய பாடல்களைக் கேள்விக்குள்ளாக்கினார்கள்.

ஆகவே இத்தகைய படைப்பைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். கதை யாருடைய பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது? வலி அழகாக்கப்படுகிறதா, விளங்க வைக்கப்படுகிறதா? பார்த்து முடித்தபின் நாம் கைதட்ட விரும்புகிறோமா, நம்மையே கேட்டுக்கொள்கிறோமா?

உம்மம்மாவுக்கு விடை

நமது நாட்டின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடற்காயத்தை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. ஒருவரைத் தொடர்ச்சியாக இழிவுபடுத்தும் பாரதூரமான கொடுமையையும் அது சேர்க்கிறது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவருக்காகப் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டு மாதங்கள் வரை அக்கட்டளை செல்லுபடியாகும். பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களை ஒவ்வொரு மாணவியும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அவரிடம் கேட்பது. ராத்தா வந்த மூன்று தடவையும் எல்லோரும் அவரைப் பற்றிக் கதைத்தார்கள். அவரிடம் கேட்டவர் எவருமில்லை.

தவணை முடிவில் ஆசிரியையின் கேள்விக்கு எழுத்தில் ஒரு சிறு அரங்க அமைப்பை ஒப்படைத்தேன். மேடையில் அடி இல்லை, கணவனும் இல்லை. ஒரு பெண் பையுடன் வருகிறாள். பெரியவர்கள் கதைக்கிறார்கள். ஒரு சிறுமி கையை உயர்த்துகிறாள், ஓட்டோ வந்து நிற்கும் சத்தம். இதுவே மறுபடியும், இன்னும் வேகமாக. மூன்றாவது தடவை அதைவிட வேகமாக. நான்காவது தடவை சிறுமி கையை உயர்த்தவில்லை. “ராத்தா, நீங்க போக விரும்புறீங்களா?” என்று கேட்கிறாள்.

ஆறு வருடங்களுக்கு முன் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.