கூடையின் எடையும் உடலின் வலிமையும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது முன்னோர் வாக்கு. ஆனால், அந்தச் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று நாம் அளந்து பார்ப்பதில்லை. மாதச் செலவுக்குக் கணக்கு எழுதுகிறோம். பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களைக் குறித்து வைக்கிறோம். உடலின் திறனுக்கு மட்டும் நம்மிடம் கணக்கு இல்லை. நோய் வந்து படுத்த பிறகே அதைப் பற்றி எண்ணுகிறோம்.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இம்மலைத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் பலர் பாடுபட்டனர். முதுகில் கூடையைச் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தனர். அவர்களுடைய உழைப்பை அளந்த கருவி தராசு. எடை கூடினால் கெட்டிக்காரி, குறைந்தால் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், எடை ஏன் குறைந்தது என்பதைத் தராசு சொல்லாது.

இலங்கைத் தோட்டம் தந்த பாடம்

அந்தக் காரணத்தைத் தேடிய ஆய்வு ஒன்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடைபெற்றது. எட்ஜர்டன், கார்ட்னர், ஒஹிரா, குணவர்தன, செனவிரத்ன ஆகியோர் நடத்திய இந்த ஆய்வு 1979ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இரத்தச் சோகை உள்ள தொழிலாளர்களுள் ஒரு பகுதியினருக்கு இரும்புச் சத்து மருந்து கொடுத்தனர். மற்றொரு பகுதியினருக்கு அதைப்போலவே தோன்றும், ஆனால் மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்தனர். ஒவ்வொருவரும் நாள்தோறும் பறித்த கொழுந்தை எடை போட்டனர். அவர்களுடைய அன்றாட நடமாட்டத்தையும் சிலருக்கு 4 மணி நேரமும் சிலருக்கு 24 மணி நேரமும் தொடர்ந்து பதிவு செய்தனர்.

மருந்து உண்டவர்களின் நடமாட்டம் மூன்றே வாரங்களில் கூடியது. ஒரு மாதத்தில், இரத்தத்தில் ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகக் கொழுந்து பறித்தனர். ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்த, மிகவும் சோகையுற்றவர்களிடமே முன்னேற்றம் அதிகமாகத் தெரிந்தது.

இதில் நாம் உணர வேண்டியது ஒன்று உண்டு. மெதுவாக நடந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய இரத்தத்தில் வலுவில்லை. உடல் திறனை அளப்பது ஒருவரைக் குறை கூறுவதற்காக அன்று. குறை எங்கே இருக்கிறது என்று கண்டு நீக்குவதற்காகவே.

இன்றைய நிலை

இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் வேலை செய்கின்றனர். கொழுந்தெடுக்க இயந்திரங்களும் வந்துவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் தானா ராத்தா, பிரிஞ்சாங் பட்டணங்களிலும் அதற்கப்பாலும் கடை, அலுவலகம், வாகனம் என்று உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறிவிட்டனர். பாட்டியின் உணவுப் பழக்கம் இருக்கிறது. அவர் ஏறிய மேடு நம் வாழ்வில் இல்லை.

உட்கார்ந்த வேலையின் தீமையை லண்டன் பேருந்துகளே உலகுக்குக் காட்டின. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நால்வரில் ஒருவர் போதிய உடலுழைப்பு இல்லாதவர் என்றும், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்றும் தெரிய வந்தது. இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம். இத்தகைய கணக்கு இருந்தால்தான் எங்கே மருத்துவ உதவி தேவை, எங்கே நடைபாதை தேவை என்று அரசாங்கம் திட்டமிட முடியும். வீட்டுக்கும் இதே விதிதான்.

வீட்டிலேயே அளக்கலாம்

இதற்கு விலை உயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும், தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

1. நாடித் துடிப்பு: காலையில் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்குமுன் 30 வினாடிகள் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பானது. தொடர்ந்து நடைப்பயிற்சி செய்து வந்தால் இது மெல்லக் குறையக் காணலாம்.

2. இடுப்புச் சுற்றளவு: ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படாமல் இருப்பது நல்லது.

3. நாற்காலிச் சோதனை: இது முதியோருக்கு உரியது. சுவரோடு ஒட்டிய நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள பெண் 12 முறையும், ஆண் 14 முறையும் எட்டாவிட்டால் கால் வலிமை குறைந்துள்ளது எனலாம். அருகில் ஒருவர் துணை இருக்கட்டும்.

4. ஆறு நிமிட நடை: சமதரையில், கோயில் பிராகாரத்திலேகூட, 6 நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று குறியுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் நடந்து ஒப்பிடுங்கள். பிறரோடு போட்டி வேண்டாம்.

5. வாரக் கணக்கு: உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வகுத்த நெறிப்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அதுவே மிதமான உழைப்பு.

நெஞ்சு வலி, தலைசுற்றல், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே இச்சோதனைகளைச் செய்ய வேண்டும்.

தேநீரும் இரும்புச் சத்தும்

சிறிது தூரம் நடந்தாலே களைத்து, முகம் வெளுத்துக் காணப்படும் பெண்களைச் "சுறுசுறுப்பு இல்லை" என்று கடிந்துகொள்ளாமல், அரசாங்க கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேருவதைத் தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் தடுக்கிறது. ஆகவே, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்துவது நலம். உணவோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்கு சேரும்.

அன்பர்களே! அடுத்த திருவிழாவுக்கு நாள் குறிக்கும்போதே, குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இன்றைய அளவை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கூடையின் எடையைக் கொண்டு மட்டுமே மதிக்கப்பட்ட நம் முன்னோர்க்குக் கிட்டாத அந்த அக்கறையை, நம் வீட்டாருக்கும், இன்று அதே சரிவுகளில் உழைக்கும் அயல்நாட்டுச் சகோதரர்களுக்கும் நாம் காட்டுவோமாக.