மரப்பாடி ரோல்ஸ் ராய்ஸின் வயது

அன்புள்ள தம்பி,

முன்பக்கம் அசல் ரோல்ஸ் ராய்ஸ். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முழுக்க ஆஷ் மரச் சட்டமும் மஹோகனிப் பலகையும். இப்படி ஒரு வண்டியின் படத்தை அனுப்பி, விற்பவர் 1932 என்கிறாரே, சரிதானா என்று கேட்டிருக்கிறாய். சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஏனென்றால் அவர் எதன் வயதைச் சொல்கிறார் என்பதே தெளிவாக இல்லை. உதாரணத்துக்கு, 1929 முதல் 1936 வரை வந்த 20/25 மாடலை ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினோடு கூடிய சேசிஸாகத்தான் விற்றது. வாங்கியவர் ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்டு போன்ற பட்டறைகளில் கொடுத்துப் பாடி கட்டிக்கொள்வார், கரூரில் பஸ்ஸுக்குக் கட்டுகிற மாதிரி. ஆகவே சேசிஸ் எண்ணைப் பார்த்துச் சொல்லும் வருஷம் சேசிஸுக்கு மட்டும்தான் பொருந்தும். மரத்தின் வயதை மரத்தைச் சுற்றியுள்ள சான்றுகளிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் கட்டிய பாடியைப் பின்னால் ஏன் மாற்றுவார்கள் என்று நீ கேட்கலாம். அந்தக் காலத்து சலூன் பாடிகளிலும் தகட்டுக்கு உள்ளே இருந்தது ஆஷ் சட்டம்தான். தண்ணீர் இறங்கினால் அது உளுத்துவிடும். அடியில் இருக்கும் எஞ்சினும் சேசிஸும் இன்னும் பல்லாண்டு ஓடும். அதோடு 1940 அக்டோபரில் பிரிட்டனில் கொள்முதல் வரி வந்தது. புதுக் காருக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு வரி. வேலை வண்டிகளுக்கு அது கிடையாது. போர் முடிந்தபின் எஃகுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, ஆல்விஸ், லீ பிரான்சிஸ் சேசிஸ்களில் மரப்பாடி கட்டி, வேட்டைக்குப் போகிறவர்களையும் நாய்களையும் ஏற்றும் 'ஷூட்டிங் பிரேக்' என்று விற்றார்கள். பெட்ரோல் ரேஷன் 1950 மே வரை நீடித்ததால் வேலைக்கான வண்டி என்று காட்டுவதில் லாபமும் இருந்தது. பழைய பெரிய கார்களும் இந்த வழியில் போயின. இதெல்லாம் காரணம்தான், சான்று ஆகாது. புதிதாக வாங்கும்போதே மரப்பாடி கேட்டவர்களும் உண்டு.

சான்றை வண்டிக்கு அடியில் தேடு. சேசிஸ் சட்டத்திலும் எஞ்சின் அறைக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள தடுப்பிலும் இப்போதைய பாடி பயன்படுத்தாத ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார். வரிசையாக, ஒரே அளவில், பழைய பெயின்ட் உள்ளே படிந்த ஓட்டைகள் இருந்தால் முன்பு வேறு பாடி உட்கார்ந்திருந்தது என்று கொள்ளலாம். அடுத்து ஸ்க்ரூ. நாம் ஸ்டார் ஸ்க்ரூ என்று சொல்லும் பிலிப்ஸ் ஸ்க்ரூ கார் தொழிலுக்குள் வந்தது 1936 வாக்கில், அதுவும் அமெரிக்காவில். தரைப்பலகைக்கு அடியில், மூட்டுக்குள் புதைந்த இடத்தில் அது இருந்தால், 1932 என்ற பேச்சுக்கு இடமில்லை. கைக்கு எட்டும் கதவுக் கீலில் மட்டும் இருந்தால் பிற்கால ரிப்பேராக இருக்கலாம். போல்ட்டின் மரையும் பேசும்: பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் பொது மரை அளவுக்கு ஒப்புக்கொண்டது 1948-இல். பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் எல்லாம் அந்த அளவில் இருந்தால், அதற்கு முன் கட்டியது என்று வாதிடுவது கஷ்டம். பசையும் அப்படியே. பால் புரதத்தில் செய்த கேசீன் பசை பழையது. ஏரோலைட் என்ற செயற்கைப் பசை 1937-இல் வந்து, போர்க்காலத்தில் மாஸ்கிட்டோ விமானங்களை ஒட்டப் பயன்பட்டது. இவை ஒவ்வொன்றும் 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லும். எப்போது கட்டியது என்று எதுவும் நேராகச் சொல்லாது. அதனால்தான் நான்கைந்தைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மரத்தையே சோதிக்கலாமே என்பாய். ஓரளவுக்கு முடியும். வெட்டுமுகத்தைப் பிளேடால் சீவி லென்ஸில் பார்த்தால், ஆஷ் மரத்தில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். அமெரிக்க மரப்பாடிகளில் அதிகம் வரும் மேப்பிளில் துளைகள் சிறிதாகச் சமமாகப் பரவியிருக்கும். அது எந்த நாட்டுப் பட்டறை என்பதற்குக் குறிப்பாகலாம். வளையங்களை எண்ணி வருஷம் சொல்வது இங்கே நடக்காது. கதவுச் சட்டத்தில் அதற்குத் தேவையான அளவு வளையங்கள் இருக்காது. கார்பன் சோதனைக்கு ஒரு பயன் உண்டு: 1950-களின் நடுவிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட தடம், அதற்குப் பின் வளர்ந்த மரத்தில் இருக்கும். ஆனால் அப்படி ஒரு சட்டம் கிடைத்தவுடன் போலி என்று குதிக்காதே. மரப்பாடியில் உளுத்த துண்டை மாற்றாமல் எழுபது வருஷம் ஓட்ட முடியாது. ஒரு துண்டை அல்ல, தரையோடு சேர்ந்த முக்கியச் சட்டங்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாசற்படியில் பட்டறையின் பித்தளைத் தகடு இருக்கிறதே என்று விற்பவர் காட்டுவார். நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் தகடு நான்கு ஸ்க்ரூவில் வேறு வண்டிக்கும் போகும்; அதை நான் கடைசியில்தான் நம்புவேன். இன்னொரு தவறு நேர்மாறானது: வேலை கரடுமுரடாக இருக்கிறது, அதனால் இது சமீபத்தியக் கைவேலை என்று சொல்பவர்கள். கிராமத்துத் தச்சர்களும் இந்த வேலையைச் செய்தார்கள். 1946-இல் கட்டிய முரட்டுப் பாடி உண்மையானதுதான். நேற்று முடித்த வழவழப்பானது அப்படி அல்ல.

காகிதத்தில் இரண்டைத் தேடு. ரோல்ஸ் ராய்ஸ் ஒவ்வொரு சேசிஸுக்கும் எழுதிய அட்டை, நார்த்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் அந்தக் கார் ஆர்வலர் சங்கத்தின் காப்பகத்தில் கேட்டால் கிடைக்கும். முதல் பாடியை யார் கட்டினார், எந்த வகை என்று அதில் இருக்கும். அதில் சலூன் என்றிருந்தால் உன் கேள்வியில் பாதி முடிந்தது. மற்றொன்று 1921 முதல் பிரிட்டனில் வழங்கிய பதிவுப் புத்தகம். பாடி வகையை மாற்றினால் உள்ளூர்க் கவுன்சில் அதில் முத்திரையோடு குறிக்க வேண்டியிருந்தது. புத்தகம் தொலைந்திருந்தால் நம்பர் பிளேட்டின் எழுத்துகளிலிருந்து எந்தக் கவுன்சில் என்று கண்டுபிடித்து, அந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்கு எழுது. 1970-களில் பதிவெல்லாம் ஸ்வான்சியில் உள்ள மத்திய அலுவலகத்துக்குப் போனபோது பல பேரேடுகள் அழிந்தன. பிழைத்தவை பெரும்பாலும் அந்தந்த ஊர்க் காப்பகங்களில்தான் இருக்கின்றன. பணம் பேசுவதற்கு முன் அட்டையின் நகலையும் தரைக்கு அடியில் எடுத்த படங்களையும் விற்பவரிடம் கேள்.

அன்புடன்,
அண்ணன்