மசாலா பூசுமுன் மீனைப் பாருங்கள்

விடுமுறை என்றால் ஹவுராவில் வாழும் நம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தீகா கடற்கரைதான். 2004-ஆம் ஆண்டு தீகா வரை ரயில் பாதை போடப்பட்டபின், காலையில் ஹவுராவில் ஏறினால் மதியச் சாப்பாட்டைக் கடலோரத்தில் சாப்பிடலாம். ஊரிலிருந்து வரும் உறவினரையும் அங்கேதான் அழைத்துப் போகிறோம். மீன் உண்ணும் வீட்டாருக்குப் பயன்படும் சில செய்திகளை இங்கே தருகிறேன்.

முதலில் பெயர்கள். வங்காளிகள் இலிஷ் என்பது நம் உள்ளம் மீன். பேட்கி என்பது கொடுவா. பொம்ஃப்ரெட் நம் வாவல். பார்ஷே மடவை இனத்தது. பாக்தா வரியுள்ள கடல் இறால். கல்தா நன்னீரில் வளரும் பெரிய இறால். காங்க்ரா என்றால் நண்டு.

அடுத்தது தேர்வு. கடற்கரைக் கடைகளில் மஞ்சளும் மிளகாயும் பூசிய மீன்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பார்க்க அழகாயிருக்கும். ஆனால் ரயில்வேயில் ஓர் இரும்புப் பாகத்தைப் பெயின்ட் அடிக்கும் முன்பே சோதிப்போம். பெயின்டுக்குப் பின் விரிசல் தெரியாது. மீனுக்கும் இதே விதிதான். மசாலா பூசாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கவனிக்க வேண்டியவை:

1. கண் தெளிவாகவும் புடைத்தும் இருக்க வேண்டும். கலங்கிக் குழிவிழுந்திருந்தால் பழைய மீன்.
2. செவுள் சிவப்பாக இருக்க வேண்டும்.
3. விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழ வேண்டும்.
4. இறாலின் தலை கறுத்தோ தொங்கியோ இருந்தால் வேண்டாம்.
5. நண்டை உயிரோடு பார்த்தே வாங்குங்கள். செத்த நண்டு விரைவில் கெடும்.

நன்றாகப் பொரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் சேர்கிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும்.

காலமும் முக்கியம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் இதே சமயத்தில்தான் வருகிறது! அப்போது கிடைப்பதில் பெரும்பகுதி குளிர்பதனக் கிடங்கு மீன், வளர்ப்பு மீன், அல்லது சிறு படகுகளில் பிடித்த மீன். எது என்று கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் இலிஷ் முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும். 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிப்பதும் விற்பதும் மேற்கு வங்கத்தில் தடை செய்யப்பட்டவை. சிறியது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

தீகா மோகனாவில், அதாவது கழிமுகத்தில், விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கிறது. பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். எந்த மீனுக்கு என்ன பெயர் என்பதை நேரில் பார்த்துப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஓட்டலில் உட்காருமுன் விலை ஒரு துண்டுக்கா, நூறு கிராமுக்கா, முழு மீனுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடையைச் சமைக்குமுன் பார்த்துவிடுங்கள். "தாம் கதோ? ஓஜோன் கதோ?" என்ற இரண்டு கேள்விகள் போதும்.

சிறு குழந்தைகளுக்கு இலிஷ் வேண்டாம். மெல்லிய முட்கள் ஏராளம். வாவலும் கொடுவாவும் ஏற்றவை. கடுகெண்ணெய் மணம் பிடிக்காத பிள்ளைகளுக்கு வேறு எண்ணெயில் பொரித்துத் தரச் சொல்லலாம். இறால், நண்டு முதன்முறை உண்பவருக்குச் சிறிதளவே கொடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இறால் ஒவ்வாதவருக்கு நண்டும் ஒவ்வாமல் போகலாம். இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த மீனும் ஆகாது.

இவ்வளவையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு கவலையின்றி வயிறார உண்ணலாம்.